செஞ்சி மலை உச்சியில் உருண்டைக் கற்களை வைத்தது யார்?

செஞ்சி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்து வருகிறேன். ஒன்பதாம் வகுப்பில் புவி அகச்செயல்முறைகள், புவி புறச்செயல்முறைகள் என்று அடுத்தடுத்து இரண்டு பாடங்கள் வருகின்றன. உள்ளிருக்கும் விசைகள் நிலத்தை உயர்த்துகின்றன, வெளியிலிருக்கும் விசைகள் அதைத் தேய்த்துத் தாழ்த்துகின்றன என்பதுதான் இரண்டுக்கும் சாரம். இத்தனை ஆண்டுகளாக நானும் அப்படியேதான் சொல்லி வந்தேன்.

சென்ற மாதம் மாணவர்களைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். இராஜகிரியின் படிகளில் பாதி ஏறியதும், எதிரிலுள்ள குன்றைக் காட்டி ஒரு மாணவி, "டீச்சர், இந்தக் கல்லையெல்லாம் மேலே கொண்டு போய் வைத்தது யார்?" என்று கேட்டாள். குன்று முழுவதும் வீடளவும் வண்டியளவுமான உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, தொட்டால் உருண்டுவிடும் என்பதுபோல் நிற்கின்றன. பகல் வெயிலில் பாறை விரிவடைந்து, இரவுக் குளிரில் சுருங்கி, நாளடைவில் விரிசல் விட்டு உடைகிறது என்று பாடத்தில் உள்ளபடி சொன்னேன். "வெயிலில் வெடித்தால் கூர்கூராகத்தானே உடையும்? ஏன் உருண்டையாக இருக்கிறது?" என்று உடனே திருப்பிக் கேட்டாள். நான் யோசித்துக் கொண்டிருக்கும்போதே, கிணறு வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன், "எங்கள் கொல்லைக் கிணற்றில் இருபது அடி ஆழத்தில் இதே மாதிரி உருண்டைக் கல் வந்தது, டீச்சர். அங்கே வெயில் ஏது?" என்றான்.

அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அன்று என்னால் விடை சொல்ல முடியவில்லை. தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இன்னொரு ஐயமும் எனக்கு உண்டு. செஞ்சியில் எரிமலை இல்லை. இமயத்தைப்போல் மடிந்து எழுந்த மலையும் இது இல்லை. அப்படியானால் சமவெளியின் நடுவே இந்தக் குன்றுகளை உயர்த்திய அகவிசை எது? நிலவியல் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கருங்கல்:

அம்மா, வணக்கம். நான் நிலவியல் ஆய்வுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு என்று பழைய பெயர்களில் சொல்லப்பட்ட மாவட்டங்களில் நிறைய நடந்திருக்கிறேன். உங்கள் மாணவர்கள் இருவரும் கேட்டவை மிகச் சரியான கேள்விகள். அவற்றிலும் கிணறு வெட்டுபவரின் மகன் சொன்னது கேள்வியே அன்று, விடையின் முதற்பாதி. அந்தக் கற்கள் உருண்டையானது மண்ணுக்கு மேலே அன்று, மண்ணுக்குள்ளேதான்.

செஞ்சிக் குன்றுகள் கிரானைட் வகைப் பாறையால் ஆனவை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகியதால் உருவானவை. ஆறும்போதும், பின்னர் மேலோடு இழுபட்டும் நெருக்கப்பட்டும் வந்த காலங்களிலும், அந்தப் பாறைக்குள் மூன்று திசைகளில் விரிசல்கள் விழுந்தன. பெட்டிகளை அடுக்கி வைத்ததுபோல் பாறை முழுவதும் கட்டங்கட்டமாகப் பிரிந்தது, ஆனால் இடைவெளி விடவில்லை. அப்போது அங்கே உருண்டை எதுவும் கிடையாது, எல்லாமே கட்டங்கள்தாம்.

நிலத்தின் மேற்பரப்புக்கு அருகே அந்தப் பாறை வந்த பிறகு மழைநீர் வேலையைத் தொடங்குகிறது. காற்றிலும், அதைவிட அதிகமாக மண்ணிலுள்ள வேர்களிடமிருந்தும் நுண்ணுயிர்களிடமிருந்தும் கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு மழைநீர் மிக மெல்லிய அமிலமாகிறது. அது விரிசல்கள் வழியே இறங்கிப் பாறையைத் தின்னத் தொடங்கும்போது கிரானைட்டில் உள்ள மூன்று முக்கியக் கனிமங்களும் ஒரேமாதிரி நடந்துகொள்வதில்லை. ஃபெல்ட்ஸ்பார் சிதைந்து வெண்களிமண்ணாகிறது. நாம் காக்காப்பொன் என்று சொல்லும் மைக்காவில் கருநிறத்தது இரும்புத் துருவைக் கக்கி மண்ணைச் சிவப்பாக்குகிறது. குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் அசையாமல் மணலாக எஞ்சுகிறது. பிடித்து வைத்திருந்த ஃபெல்ட்ஸ்பார் போய்விட்டதால் பாறை, வடிவம் மாறாமலேயே, கையில் எடுத்தால் நாட்டுச் சர்க்கரைபோல் உதிர்ந்துவிடும். கிணறு வெட்டுபவர்கள் செம்மண்ணுக்குக் கீழே சரளையையும் அதற்குக் கீழே இந்த உதிரும் பாறையையும் தாண்டித்தான் கடைசியில் வெடி வைக்க வேண்டிய கெட்டிப் பாறைக்குப் போகிறார்கள்.

உருண்டை வடிவம் எப்படி வந்தது என்பது மாணவி கேட்டது. ஒரு சோப்புக்கட்டியை ஈரத்தில் விட்டுவைத்தால் முதலில் மழுங்குவது எது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். மூலைகள்தாம். கட்டமான பாறைத் துண்டின் மூலையை நீர் மூன்று பக்கங்களிலிருந்து தாக்குகிறது; விளிம்பை இரண்டு பக்கங்களிலிருந்து தாக்குகிறது; முகத்தை ஒரே பக்கத்திலிருந்துதான் தாக்க முடிகிறது. ஆகவே மூலை முதலில் போகும், விளிம்பு அடுத்துப் போகும், நடுவில் உள்ள கெட்டிப் பகுதி உருண்டையாக நிற்கும். சாலை போடுவதற்காக மேட்டை வெட்டிய இடங்களில் இதை அப்படியே குறுக்குவெட்டாகக் காணலாம்: நடுவில் நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு கல், அதைச் சுற்றி வெங்காயத் தோல்போல் பல அடுக்குகளாகப் பழுப்பு நிறச் சிதைவு, அதற்கு வெளியே பழைய விரிசலின் கோடு.

பிறகு தட்பவெப்பம் மாறி, மண் உருவாகும் வேகத்தைவிட மழையும் ஓடைகளும் அதை அடித்துச் செல்லும் வேகம் கூடினால், உதிரிகள் எல்லாம் போய், கெட்டி உருண்டைகள் இருந்த இடத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கி உட்காருகின்றன. இப்படி முதலில் நிலத்தடியில் சிதைவும் பின்னர் மேல்மண் அகற்றலும் என்று இரு கட்டங்களாகப் பார்க்கும் விளக்கத்தை, இங்கிலாந்தின் டார்ட்மூர் பகுதியில் உள்ள இதேபோன்ற கற்குவியல்களுக்கு டேவிட் லின்டன் என்பவர் 1955-இல் முன்வைத்தார். நம் மாணவிக்குச் சொல்ல வேண்டுமானால், அந்தக் கல்லை மேலே ஏற்றியவர் யாரும் இல்லை. அதைச் சுற்றியிருந்த நிலம்தான் கீழே இறங்கிப் போயிற்று.

வெயில் பற்றி. டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்கர் 1936-இல் வெளியிட்ட சோதனையில் மெருகேற்றிய கிரானைட் கட்டியை 89,400 முறை சூடாக்கி ஆற்றினார். நாளொன்றுக்கு ஒருமுறை என்று கொண்டால் 244 ஆண்டு வெயிலுக்குச் சமம். நுண்ணோக்கியில் பார்த்தும் கல்லில் மாற்றம் தெரியவில்லை. பின்னர் சூடான கல்லை உலர்ந்த காற்றுக்குப் பதிலாக நீர் தெளித்து ஆற்றியபோது, இரண்டரை ஆண்டுக்குச் சமமான சுற்றுகளிலேயே மெருகு மங்கி விரிசல் தொடங்கியது. பாறைச் சிதைவில் நீரே முதலாளி என்பதை மாணவர்களுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

குன்றை உயர்த்திய அகவிசை எது என்ற கேள்விக்கு இதே விளக்கம் பாதி பொருந்தும். விரிசல்கள் நெருக்கமாக இருந்த பகுதிகளில் நீர் எளிதாகப் புகுந்து பாறையை முழுவதும் மண்ணாக்கியது, அது இன்றைய சமவெளி. விரிசல்கள் அகன்றும் அரிதாகவும் இருந்த பகுதி நீருக்கு இடங்கொடுக்காமல் நின்றது, அது இன்றைய இராஜகிரி. சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டால் அந்தக் குன்று எழுந்ததே இல்லை, எஞ்சியது. மற்றப் பாதியை வேறு யாரேனும் எழுதட்டும், எனக்கும் கை வலிக்கிறது.

உளிச்சத்தம்:

கருங்கல் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் வெப்பத்தைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கல்வேலை செய்கிறது. என் தாத்தா காலத்தில் பெரிய பாறைப் பரப்பிலிருந்து பலகைக் கல் எடுக்க வெடி வைக்க மாட்டார்கள். பாறையின்மீது விறகை வரிசையாக அடுக்கி நெருப்பு மூட்டி, அந்த நெருப்பை மெல்ல நகர்த்திக்கொண்டே போவார்கள். ஒரு கட்டத்தில் அடியில் 'டொப்' என்று ஓர் ஓசை வரும். ஒரு சாண் அல்லது அதற்கும் குறைவான கனத்தில் பெரிய பலகை அடிப்பாறையிலிருந்து பிரிந்துவிட்டது என்று அதற்குப் பொருள். பின்னர் உளியும் சம்மட்டியும் கொண்டு வேண்டிய அளவுக்குப் பிளப்பார்கள். ஆகவே கடும் நெருப்பு பாறையை உரிக்கும் என்பது எங்கள் கண்முன் நடந்தது. காட்டுத்தீ பிடித்த மலைகளில் பாறைமீது தட்டுத் தட்டாகச் செதில் உரிந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

மற்றொன்று ஓசை. சிலை செய்யக் கல் தேர்ந்தெடுக்கும்போது முதலில் தட்டித்தான் பார்ப்பார்கள். கோயில் மணிபோல் நீண்டு ஒலித்தால் ஆண் கல் என்றும், தாளம்போல் ஒலித்தால் பெண் கல் என்றும், ஒலியே எழாமல் அடங்கிப் போனால் அலிக் கல் என்றும் சிற்ப மரபில் வகுத்திருக்கிறார்கள். நீங்கள் மேலே சொன்ன சிதைவைப் படித்தபோது எனக்கு அந்த மூன்றாவது வகைதான் நினைவுக்கு வந்தது. வெளியே பார்க்க நல்ல கல்லாகவே இருக்கும். சுத்தியலால் தட்டினால் ஈரச் சுவரைத் தட்டியதுபோல் அமுங்கிய ஓசை வரும். பிளந்து பார்த்தால் உள்ளே ஃபெல்ட்ஸ்பார் மங்கி, மாவு பூத்ததுபோல் இருக்கும். ஆசிரியை அவர்கள் மாணவர்களைக் கொண்டே இதைச் செய்து பார்க்கச் சொல்லலாம். கோட்டையில் வேண்டாம், அது பாதுகாக்கப்பட்ட இடம். சாலையோரத்தில் கிடக்கும் கற்களில் செய்யலாம்.

கருங்கல்:

உளிச்சத்தம் அவர்களின் திருத்தத்தை மனமார ஏற்கிறேன். நெருப்பின் வெப்பத்தையும் வெயிலின் வெப்பத்தையும் நான் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். நெருப்பு சில நிமிடங்களில் கல்லின் மேற்பரப்பைப் பல நூறு பாகைக்கு உயர்த்திவிடுகிறது, வெயிலால் அது ஆகாது. கிரிக்ஸின் கட்டி சிறியது, எல்லாப் பக்கமும் விரிந்துகொள்ள இடமுள்ளது என்பதால், பெரிய பாறையில் வெயிலுக்குப் பங்கே இல்லை என்று அந்த ஒரு சோதனையை வைத்து முடித்துவிடக் கூடாது என்று பின்னர் வந்த ஆய்வாளர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் தாத்தாவின் பலகைக் கல் இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. இராஜகிரியின் சரிவுகளில் மேற்பரப்புக்கு இணையாக வளைந்து செல்லும் பெரும் பாறைத் தகடுகளைக் காணலாம். ஆழத்தில் பெரும் பாரத்தின்கீழ் இறுகிய பாறை, மேலிருந்த பாரம் நீங்கியதும் மேல்நோக்கிச் சற்றே விரிந்து, பரப்புக்கு இணையாகப் பிளந்துகொள்கிறது. குவிந்த மொட்டைப் பாறை மலைகள் அந்த வடிவத்தைப் பெறுவது பெரும்பாலும் இப்படித் தகடு தகடாக உரிவதால்தான். மதுரை யானைமலையைத் தொலைவிலிருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லும் வளைவு கண்முன் வரும்.

செஞ்சி ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. உருண்டைக் கற்கள் பற்றிய குழப்பம் தீர்ந்துவிட்டது. ஆனால் ஒன்று தெளிந்தால் அடுத்தது முளைக்கிறது. பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவான பாறை என்கிறீர்கள். இன்று அதன்மேல் என் மாணவர்கள் ஏறி நிற்கிறார்கள். அப்படியானால் இடையிலிருந்த பல கிலோமீட்டர் பாறையும் அரித்துப் போயிருக்க வேண்டும். அவ்வளவும் போனால் இந்த இடம் பெரும் பள்ளமாகி, கடல் புகுந்திருக்க வேண்டுமே? செஞ்சிச் சமவெளி கடல் மட்டத்துக்கு மேலேதானே இருக்கிறது? போன பாறை எங்கே போயிற்று என்பதும் புரியவில்லை.

நில அளவையர்:

அம்மா, நான் நிலவியலாளன் அல்லன். நில அளவைத் துறையில் பணியாற்றியவன். ஆனால் நீங்கள் கேட்ட 'ஏன் பள்ளமாகவில்லை' என்ற கேள்விக்கு விடை கிடைத்ததே எங்கள் துறையின் ஒரு கணக்குப் பிழையிலிருந்துதான் என்பதால் எழுதத் துணிகிறேன்.

வில்லியம் லாம்டன் 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும் அளவைப் பணி அங்கிருந்து வளர்ந்தது. லாம்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அதை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சென்றார். அங்கேதான் சிக்கல் எழுந்தது. மத்திய இந்தியாவிலுள்ள கல்யாண்பூருக்கும் வடக்கேயுள்ள கல்யாணாவுக்கும் இடையே அட்சரேகை வேறுபாட்டை இரண்டு முறைகளில் கணக்கிட்டனர்: முக்கோண அளவையால் ஒருமுறை, விண்மீன்களை நோக்கி ஒருமுறை. இரண்டும் 5.236 வினாடிக் கோணம் வேறுபட்டன. தரையில் அது சுமார் 160 மீட்டர். இவ்வளவு கவனமாகச் செய்த பணியில் அது பொறுக்க முடியாத வேறுபாடு.

விண்மீன் நோக்கும் கருவியைத் தூக்குக்குண்டு நூலைக் கொண்டுதான் நேர் நிறுத்துவார்கள். இமயம் என்ற பெரும் திணிவு பக்கத்தில் இருந்தால் குண்டை அது தன்பக்கம் இழுக்கும், நூல் சாயும், கணக்குப் பிசகும். கொல்கத்தாவில் பாதிரியாராக இருந்த கணித அறிஞர் ஜான் பிராட், இமயத்தின் பருமனைக் கொண்டு அந்த இழுப்பைக் கணக்கிட்டு 1855-இல் வெளியிட்டார். விடை அவரையே திகைக்க வைத்தது. இழுப்பினால் வர வேண்டிய வேறுபாடு 15.885 வினாடி, உண்மையில் வந்திருப்பதோ அதில் மூன்றில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் மலைக்கு ஏற்ற இழுப்பு இல்லை என்றால், அதன் அடியில் எங்கோ பளு குறைவாக இருக்க வேண்டும்.

அதே ஆண்டில் ஜார்ஜ் ஏரி (Airy) என்ற ஆங்கிலேய வானியலாளர் விளக்கம் தந்தார். மலைக்கு அடியில் மேலோடு தடித்து, கீழேயுள்ள அடர்த்தி மிகுந்த கவசப் பகுதிக்குள் வேர்போல் இறங்கியிருக்கிறது. நீரில் மரக்கட்டை மிதப்பதுபோல் மேலோடு மிதக்கிறது. உயரமான கட்டை ஆழமாகவும் மூழ்கியிருக்கும். கவசம் நீரைப்போல் திரவம் அன்று, திடப்பொருள்தான். ஆனால் அந்த வெப்பத்தில், லட்சக்கணக்கான ஆண்டுகளில், கெட்டித் தேனைவிட மிக மிக மெதுவாக அது இடம் நகர்ந்து கொடுக்கும்.

இப்போது உங்கள் பள்ளத்துக்கு வருவோம். தூத்துக்குடியில் உப்பு மூட்டைகள் ஏற்றிய தோணியைப் பார்த்திருப்பீர்கள். மூட்டைகளை இறக்க இறக்கத் தோணி மேலே எழும். பத்து அடி உயரத்துக்கு அடுக்கிய மூட்டைகளை இறக்கினால் மூட்டை அடுக்கின் உச்சி பத்து அடி தாழ்வதில்லை, ஏனென்றால் தோணியே கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. மேலோடும் அப்படித்தான். மேலோட்டுப் பாறையின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.8 கிராம், கவசத்தினுடையது சுமார் 3.3 கிராம். மேலேயிருந்து 1,000 மீட்டர் பாறையை ஆறுகள் கொண்டுபோனால், அடியிலிருந்து கவசம் 850 மீட்டர் அளவுக்குத் தாங்கி உயர்த்திவிடும். நிலமட்டம் தாழ்வது 150 மீட்டர் மட்டுமே. இந்தக் கணக்கை மாணவர்களைக் கொண்டு தொடரச் செய்யுங்கள்: 4,000 மீட்டர் உயரமுள்ள மலைத்தொடர் ஒன்று சமவெளியாகத் தேய வேண்டுமானால் எவ்வளவு பாறை போக வேண்டும்? ஏறத்தாழ 26 கிலோமீட்டர். அதாவது மலை தேய்ந்து முடியும்போது, ஒருகாலத்தில் 26 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த பாறை வெளியே வந்து வெயில் காயும்.

இது வெறும் கணக்கன்று என்பதற்கு அந்தப் பரங்கிமலையே சாட்சி. அந்தக் குன்றும் பல்லாவரம் குன்றுகளும் சார்னோக்கைட் என்னும் கரும்பச்சை கலந்த சாம்பல் நிறப் பாறையால் ஆனவை. கொல்கத்தா நகரைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறையில் செய்யப்பட்டிருப்பதைக் கண்டு, தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். நீலகிரியும் பெரும்பகுதி இதே பாறைதான். இது உருவாக 700 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பமும், 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தமும் தேவை. அப்படிப்பட்ட பாறையில் இன்று நாம் படி வெட்டி ஏறி மாலை நேரத்தில் சென்னையைப் பார்க்கிறோம். லாம்டன் தம் அடிக்கோட்டை அளந்த நாளில், தம் காலடியிலிருந்த குன்றுதான் தம் பணியில் பின்னால் எழவிருந்த புதிரின் விடைக்குச் சான்று என்பதை அறிந்திருக்க வழியில்லை. பணிக்காலத்தில் பரங்கிமலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

கருங்கல்:

நில அளவையர் ஐயா எழுதியதற்கு ஒரே ஓர் எச்சரிக்கை மட்டும். சார்னோக்கைட் இருபது, முப்பது கிலோமீட்டர் ஏறி வந்ததற்கு அரிப்பும் அதனால் வரும் எழுச்சியும் மட்டுமே காரணம் என்று மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டாம். கண்டத் துண்டுகள் மோதிய பழங்காலங்களில் மேலோட்டின் ஒரு பகுதி மற்றொன்றின்மேல் ஏறியதாலும் ஆழப்பாறைகள் உயர்ந்திருக்கின்றன. அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி, மீன்கூடத் தோன்றாத காலத்திலேயே முடிந்துவிட்டது.

அம்மா கேட்ட இன்னொன்று, போன பாறை எங்கே என்பது. மிகப் பழைய காலத்தில் போனவற்றின் படிவுகள் மீண்டும் புதைந்தும் உருமாறியும் அடையாளம் இழந்துவிட்டன. ஆனால் கடைசிக் கட்டத்தில் போனவை நம் காலடியில்தான் இருக்கின்றன. தென்னிந்தியா கோண்டுவானா என்ற பழம்பெருங்கண்டத்தில் அண்டார்க்டிகாவோடு ஒட்டியிருந்து, ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தபோது கிழக்குக் கரையில் நிலம் இழுபட்டுப் பள்ளங்கள் விழுந்தன. அந்தப் பள்ளங்களை அன்றுமுதல் நம் மலைகளின் மணலும் களியும் நிரப்பி வருகின்றன. காவிரிப் படுகையில் சில இடங்களில் இந்தப் படிவுகளின் கனம் 5 கிலோமீட்டரையும் தாண்டும். நரிமணத்தில் எண்ணெய்க் கிணறுகள் துளைத்து இறங்குவது இந்தப் படிவுகளுக்குள்தான். அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கிடைக்கும், அம்மோனைட் என்ற அழிந்துபோன கடலுயிரியின் சுருள் ஓடுகள் அந்தப் பள்ளத்துக்குள் கடல் வந்து போனதைக் காட்டுகின்றன.

உங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் திருவக்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அங்கே மணற்கல்லுக்குள் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழைமையான கல்மரங்கள் கிடக்கின்றன. ஒரு மரத்தின் அருகே குனிந்து பார்த்தால் ஆண்டு வளையங்களும் கணுவும் அப்படியே இருக்கும். தொட்டால் குளிர்ந்த கல். அவற்றில் கிளை இல்லை, வேர் இல்லை, பட்டை இல்லை. மரங்கள் அங்கே வளர்ந்தவை அல்ல, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்தவை என்பதற்கு அதுவே அடையாளம். எல்லாரும் மரத்தைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் மரத்தை மூடியிருந்த மணலைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் குவார்ட்ஸ் மணிகள் மேற்கேயிருந்த கிரானைட் குன்றுகளிலிருந்து ஃபெல்ட்ஸ்பார் அழுகி உதிர்ந்தவை. செஞ்சியில் இல்லாமற் போனதன் ஒரு பிடி திருவக்கரையில் கையில் கிடைக்கும்.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். விண்வெளிக் கதிர்கள் பாறையின் மேற்பரப்பில் உள்ள குவார்ட்ஸில் பெரிலியம்-10 என்னும் அணுவை உண்டாக்குகின்றன. அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் பரப்பு எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்று கணக்கிடலாம். நம் பாறைகளின் உடன்பிறப்புகளான பாறைகளைக் கொண்ட இலங்கை மத்திய மலைநாட்டில் இப்படி அளந்தபோது, இயற்கையான தேய்வு 1,000 ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் சுமார் 30 மில்லிமீட்டர் வரை என்று தெரிந்தது. காட்டை அழித்துப் பயிரிட்ட சரிவுகளிலோ மண் போகும் வேகம் அதைப்போல் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை. 250 கோடி ஆண்டுக் கதையில் மனிதர் கைவைத்த பக்கம் ஒன்றே ஒன்றுதான், அதில் இவ்வளவு வேகம் என்பது என்னை எப்போதும் வருத்தும்.

பாடநூலுக்கு ஒரு சிறு திருத்தம் சொல்லலாம் என்றால், அகவிசை கட்டுகிறது, புறவிசை இடிக்கிறது என்ற பிரிவினை முழு உண்மையன்று. மழை பாறையைக் கரைத்து எடுத்துச் செல்வதால்தான் அடிப்பாறை உயர்கிறது. உயர்ந்ததால்தான் மழைக்கு மேலும் பாறை கிடைக்கிறது. இமயத்தில் இது பெரிய அளவில் இன்றும் நடக்கிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்து அந்த மலையைத் தள்ளிக்கொண்டிருக்க, கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலை இறக்கிக்கொண்டு போகின்றன. செஞ்சியிலும் அதே இரண்டு கைகள்தாம் வேலை செய்கின்றன, மிக மெதுவாக.

செஞ்சி ஆசிரியை:

உங்கள் மூவருக்கும் நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். சனிக்கிழமை அன்று மாணவர்களோடு மீண்டும் போனோம். மலைக்கு ஏறுவதற்கு முன், கிணறு வெட்டுபவரின் மகன் வழிகாட்ட, ஊருக்கு வெளியே மண் வெட்டியெடுத்த ஒரு மேட்டின் பக்கத்தில் நின்றோம். கருங்கல் ஐயா சொன்ன வெங்காயத் தோல் அங்கே அப்படியே இருந்தது. ஒரு தலையளவுக் கல்லைச் சுற்றி எட்டு அடுக்குகளை எண்ணினார்கள். வெளியடுக்கு விரலால் தேய்த்ததும் உதிர்ந்தது, உள்ளடுக்கைக் கீறச் சாவி வேண்டியிருந்தது. கையில் உதிர்ந்ததை ஒரு கிண்ணம் நீரில் போட்டுக் கலக்கி ஊற்றினோம். களி கலங்கலாகப் போய்விட்டது, அடியில் மணல் தங்கியது. அந்த மணலை இரண்டு பேர் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், திருவக்கரை மணலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

இராஜகிரியின் மேலே பாறைமீது தட்டுப்போல் குழிந்த ஒரு சிறு சுனையில் பழைய மழைநீர் நின்றது. முதலில் கேள்வி கேட்ட மாணவி அதன் அடியில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துக் காட்டினாள். மாவுபோல் வெள்ளைக் களியும், அதற்குள் கண்ணாடித் துகள்போல் மணலும் இருந்தன. "டீச்சர், இங்கேயும் தின்றுகொண்டிருக்கிறது" என்றாள்.